இத்தாலிய மொழி, பண்பாடு, வரலாறு: முதுகலை படிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இத்தாலியில் இலக்கியமோ வரலாறோ படிக்கப் போகலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நானும் அங்கே முதுகலை படித்தேன். விசா, கட்டணம் பற்றிச் சுருக்கமாகவும், படிப்பைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன். விசாவுக்கு வழி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். வகுப்புக்குள் என்ன நடக்கும் என்பதைத்தான் போவதற்கு முன் யாரும் சொல்வதில்லை.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேளுங்கள். தரவரிசைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இத்தாலி என்ற அரசு பிறந்தது 1861-ல்தான். வெனிஸ் 1866-ல் சேர்ந்தது, ரோம் 1870-ல். அதற்கு முன் வெனிஸ் பல நூற்றாண்டுகள் தனிக் குடியரசாக இருந்தது. பிளாரன்ஸ் தஸ்கனியின் தலைநகரம், நேப்பிள்ஸ் தெற்கே ஒரு பெரிய ராஜ்யத்தின் தலைநகரம், ரோம் போப்பின் ஆட்சியில் இருந்தது. ஒவ்வோர் அரசும் தன் வரிக்கணக்கையும் தூதர்களின் கடிதங்களையும் வழக்குக் கட்டுகளையும் தன் ஊரிலேயே சேர்த்துவைத்தது. நாடு ஒன்றான பிறகும் அவற்றில் பெரும்பகுதி அந்தந்த ஊரிலேயே இருக்கிறது. அவற்றைப் படித்தே வயதான பேராசிரியர்களும் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே இருப்பார்கள். வரலாறு படிக்கிறவருக்கு இது பெரிய விஷயம். தினமும் நடந்து போகிற தூரத்தில் உங்கள் மூல ஆவணம் இருக்க வேண்டும்.

ஆகவே மத்தியதரைக் கடல் வணிகமும் உஸ்மானியப் பேரரசோடு இருந்த உறவும் பிடிக்கும் என்றால் வெனிஸ். அங்கே அரசு ஆவணக் காப்பகம் ஃபிராரி மடத்தின் பழைய கட்டடங்களில் இருக்கிறது. கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகம் நடந்து போகும் தூரம். மறுமலர்ச்சிக் காலம் என்றால் பிளாரன்ஸ். 1427-ல் அங்கே வீடு வீடாகச் சொத்து, கடன், குடும்பத்தினரின் வயது எல்லாம் எழுதி வாங்கிய வரிப்பதிவு இன்னமும் இருக்கிறது. முசோலினி காலத்து அரசு ஆவணங்கள் வேண்டுமென்றால் ரோம். மத்திய அரசு ஆவணக் காப்பகம் அங்கேதான். தொழிலாளர் வரலாறு, ஃபியாட் ஆலை, மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி படித்த சூழல் என்று போனால் தூரின். ஹாப்ஸ்பர்க் பேரரசின் துறைமுகமாக இருந்த ஊரையும் ஸ்லோவேனிய எல்லையையும் படிக்க வேண்டுமென்றால் திரியெஸ்தே.

எனக்கு நெருக்கமான ஊர் பலேர்மோ. சிசிலியில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் ஒரே அரசவையில் புழங்கிய காலம் ஒன்று உண்டு. 1109-ல் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்ட ஓர் அரசாணைக் கடிதம் பலேர்மோ காப்பகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணம் என்று அதைச் சொல்வார்கள்.

நேப்பிள்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு சோகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். போருக்குப் பயந்து ஊருக்கு வெளியே ஒரு மாளிகையில் பத்திரப்படுத்தியிருந்த மிக மதிப்புள்ள ஆவணங்களை 1943 செப்டம்பர் 30 அன்று ஜெர்மன் படையினர் எரித்துவிட்டார்கள். இடைக்காலத்தில் நேப்பிள்ஸை ஆண்ட ஆஞ்சூ வம்ச மன்னர்களின் பதிவேடுகள் அதில் சாம்பலாயின. அப்போது காப்பகத்தின் தலைவராக இருந்த ரிக்கார்தோ ஃபிலான்ஜியேரி, பழைய ஆய்வாளர்கள் எடுத்துவைத்த படிகளையும் குறிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்து, அந்தப் பதிவேடுகளைத் திரும்பக் கட்டமைக்கும் வேலையைத் தொடங்கினார். அவருக்குப் பிறகும் பல தலைமுறை அறிஞர்கள் அதைத் தொடர்ந்தார்கள். இடைக்கால நேப்பிள்ஸைப் படிக்கிற யாரும் அந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

என்ன பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்? மாஸ்டர் என்று போட்டிருப்பதுதானே?

இல்லை, இங்கே கவனம் வேண்டும். நம் ஊர் எம்.ஏ.வுக்கு இணையானது "லாவ்ரேயா மஜிஸ்த்ராலே": 2 வருடம், 120 கிரெடிட். அதை முடித்தால் முனைவர் படிப்புக்குப் போகலாம். "மாஸ்டர்" என்ற பெயரில் இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் நடத்துவது பெரும்பாலும் ஒரு வருடம், 60 கிரெடிட் கொண்ட தொழில்சார் படிப்பு. முதல் நிலை மாஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு முனைவர் படிப்பில் சேர முடியாது. கட்டணமும் பல இடங்களில் அதிகம்.

லாவ்ரேயா மஜிஸ்த்ராலேவுக்கு நாடு முழுக்க ஒரே குறியீட்டு முறை உண்டு. இலக்கியமும் மொழி வரலாறும் எல்எம்-14, மொழியியல் எல்எம்-39, வரலாறு எல்எம்-84, கலை வரலாறு எல்எம்-89. படிப்பின் பெயர் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் குறியீட்டைப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தேன். சேர முடியுமா?

வரலாற்றிலும் மொழியியலிலும் வாய்ப்பு அதிகம். எல்எம்-14 கொஞ்சம் கடினம். அங்கே உங்கள் இளங்கலையில் இத்தாலிய இலக்கியம், மொழியியல், பல இடங்களில் லத்தீன்கூட, இத்தனை கிரெடிட் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்த கிரெடிட் இல்லையென்றால் விண்ணப்பம் நின்றுவிடும். பல்கலைக்கழகத் தளத்தில் சேர்க்கைக்கான பாடத் தகுதி என்ற பகுதியை வரி விடாமல் படித்துவிட்டு, உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் இணைத்துத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விடுபட்ட பாடங்களைத் தனியாக எழுதி ஈடு செய்ய அனுமதிக்கும் இடங்களும் உண்டு.

பெரூஜா, சியெனா இரண்டு ஊர்களிலும் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் என்றே ஒன்று இருக்கிறது. இத்தாலிய மொழியைப் பிறருக்குக் கற்பிப்பது, மொழியியல், பண்பாட்டுத் தொடர்பு ஆகியவற்றில் அங்கே முதுகலை உண்டு. மொழியே உங்கள் முதல் ஆர்வம் என்றால் அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

எவ்வளவு இத்தாலியன் தெரிந்திருக்க வேண்டும்?

சேர்வதற்குப் பெரும்பாலும் பி2, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவின் ஆறு படிகளில் நான்காவது. சியெனா நடத்தும் சில்ஸ், பெரூஜா நடத்தும் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளிதா ஆகிய சான்றிதழ்கள் எங்கும் செல்லும்.

பி2 வாசலைத்தான் திறந்துவிடும். உள்ளே போனதும் வேறொரு இத்தாலியன் காத்திருக்கிறது. பயிற்சி வகுப்புகள் காபி வாங்கவும் ரயிலில் பேசவும் கற்றுக்கொடுக்கின்றன. இறந்தகாலத்துக்கு "ஹோ ஃபாத்தோ" (செய்தேன்) வடிவம் போதும் என்று பழக்கிவிடுகின்றன. வரலாற்று நூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஃபு, எப்பே, தீஸ்ஸே, வீஸ்ஸே என்று பழைய இறந்தகால வடிவங்கள் வரிசையாக நிற்கும். அரைப்பக்க நீளத்துக்கு ஒரே வாக்கியம் ஓடும், முக்கிய வினை நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். அதனால் பி1 வந்ததுமே உரையாடலோடு சேர்த்து, ஒரு பள்ளி வரலாற்றுப் பாடநூலைத் தினமும் சில பக்கம் சத்தமாக வாசியுங்கள். இதைவிடப் பயனுள்ள தயாரிப்பு எனக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் இத்தாலிய வகுப்புத் தோழர்கள் மேல்நிலைப் பள்ளியிலேயே இத்தாலியின் பெருங்கவிஞர் தாந்தேயை வரி வரியாகப் படித்தவர்கள். கிளாசிக்கல் பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஐந்து வருடம் லத்தீனும் கிரேக்கமும் படித்திருப்பார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் முதல் வருடம் இந்த இடைவெளியை நிரப்பவே நேரம் போகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டார மொழிகளும் படிக்க வேண்டுமா?

எடுத்துக்கொண்ட தலைப்பைப் பொறுத்தது. நாடு ஒன்றானபோது மக்களில் இத்தாலியன் பேசியவர்கள் 2.5 விழுக்காடுதான் என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ கணக்கிட்டார். அர்ரீகோ காஸ்தெல்லானி பிறகு அதை ஏறக்குறைய 10 என்று உயர்த்தினார். எந்தக் கணக்கை எடுத்தாலும் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசியது வெனேத்தோ, நாப்போலித்தானோ, சிசிலியானோ, சார்தோ போன்றவைதான். எழுத்து மொழியாக 14-ம் நூற்றாண்டின் பிளாரன்ஸ் வழக்கை 1525-ல் அறிஞர் பியெத்ரோ பெம்போ முன்மொழிந்தார். 1583-ல் தொடங்கிய குருஸ்கா என்ற மொழிக் கழகம் 1612-ல் அகராதி வெளியிட்டு அதை உறுதிப்படுத்தியது. பேச்சில் அது எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்ததற்குப் பள்ளிக்கூடம், ராணுவம், உள்நாட்டு இடம்பெயர்வு, 1954-ல் தொடங்கிய தொலைக்காட்சி எல்லாம் காரணம்.

நீதிமன்ற வாக்குமூலம், நாடகம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றைத் தொட்டால் அந்த ஊர் மொழி இல்லாமல் முடியாது. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை வரலாறு என்றால் லத்தீன் அதைவிட அவசரம்.

ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடலாமா?

ஆங்கிலவழி முதுகலைகள் இருக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தாலியன் ஸ்டடீஸ் துறைகள் மொழி, சினிமா, அரசியல், வரலாறு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தருகின்றன. பிளாரன்ஸுக்கு மேலே ஃபியேசோலேவில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு ஆங்கிலத்திலேயே ஆய்வு செய்யலாம். ஆனால் இத்தாலிய ஆவணத்தைத் தொடாமல் இத்தாலிய வரலாறு படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் எடுத்துக் கொடுத்ததை மட்டுமே வைத்து எழுத வேண்டியிருக்கும்.

தேர்வு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் வைவாதான், அதாவது வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கே பழகிய நமக்கு இது முதலில் அதிர்ச்சி. ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர் என்று தேர்வுக் காலங்கள் வரும். ஒவ்வொன்றிலும் சில தேதிகள் கொடுப்பார்கள், நீங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அன்று நடப்பது இதுதான். வகுப்பறையில் பேராசிரியரும் உதவியாளரும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எதிரில் போய் உட்கார வேண்டும். தேர்வு பொது நிகழ்வு என்பதால் மற்ற மாணவர்கள் பின்வரிசைகளில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். இலக்கியத் தேர்வு என்றால் பேராசிரியர் தாந்தேயில் ஒரு காண்டத்தைத் திறந்து வைப்பார். "வாசியுங்கள்." வாசித்ததும் உரைநடையில் பொருள் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு வினை வடிவத்தைக் காட்டி ஏன் இப்படி வந்தது என்பார். அதற்கும் பதில் சொன்னால், இந்த வரியில் பதிப்பாசிரியர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பார். தாந்தேயின் சொந்தக் கையெழுத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நூற்றுக்கணக்கான பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பதிப்பு உருவாகிறது. 1966-67-ல் வந்த பெத்ரோக்கி பதிப்பு ஏன் 1355-க்கு முந்தைய பிரதிகளை மட்டும் அடிப்படையாக எடுத்தது என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. மிகச் சிறப்பென்றால் 30-உடன் பாராட்டும் சேரும். மதிப்பெண்ணை அங்கேயே சொல்வார்கள். பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேதிக்கு வரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மொழி தடுமாறினாலும் நூலை உண்மையாகப் படித்தவரை ஒரு நல்ல பேராசிரியர் இரண்டு கேள்வியில் கண்டுகொள்வார். அந்த முறையின் மேல் எனக்கு மரியாதை அதிகம். பட்டத்தின் இறுதி மதிப்பெண் 110-க்கு. ஆய்வேட்டைக் குழுவின் முன் விளக்கி முடித்து வெளியே வந்ததும் வீட்டாரும் நண்பர்களும் தலையில் லாரல் இலை மாலை சூட்டுவார்கள்.

ஆவணக் காப்பகத்தில் உண்மையில் என்ன வேலை?

பழைய கையெழுத்தைப் படிப்பது. இதற்கென்று தொல்லெழுத்துப் பாடம் இருக்கிறது, விருப்பப் பாடமாக இருந்தாலும் கட்டாயம் எடுங்கள்.

பிளாரன்ஸுக்கு அருகே பிராத்தோ என்ற நகரில் ஃபிரான்செஸ்கோ தாத்தினி என்று ஒரு வணிகர் இருந்தார். 1410-ல் இறந்தார். தன் கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மறைந்து கிடந்த அவை 1870-ல் கண்டெடுக்கப்பட்டன. சுமார் 1,50,000 கடிதங்கள். இன்று அவர் வாழ்ந்த அதே மாளிகையில்தான் பிராத்தோவின் அரசு ஆவணக் காப்பகம் இயங்குகிறது.

அதில் ஒரு கடிதத்தை எடுத்துப் பாருங்கள். காகிதம் சிறிதாக மடிக்கப்பட்டு, மடிப்புக் கோடுகள் இன்னும் தெரியும். வெளிப்பக்கத்தில் முகவரி. பக்கத்திலேயே வேறொரு கை, கடிதம் எந்த ஊரிலிருந்து எந்த நாளில் வந்து சேர்ந்தது என்று குறித்திருக்கும். உள்ளே கடவுளின் பெயரோடு தொடங்கி, தேதி போட்டு, உடனே கம்பளி விலைக்குப் போய்விடுவார்கள். எழுத்து வணிகர்களுக்கே உரிய வேகமான உருண்டைக் கையெழுத்து. பல சொற்களை ஒரு கோட்டால் சுருக்கியிருப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு நாலு வரி படித்தாலே பெரிய விஷயம். மூன்றாம் மாதத்தில் அந்தக் கையை அடையாளம் கண்டு, "இது மனைவி மார்கெரித்தா சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது, இது அவரே எழுதியது" என்று பிரித்துச் சொல்லும் நிலை வரும். நடுவயதில் எழுதக் கற்றுக்கொண்ட பெண் அவர். அந்தக் கோணலான எழுத்தை நேரில் பார்த்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை எந்த வகுப்பும் தந்ததில்லை.

தேதியில் ஒரு பொறி உண்டு. பிளாரன்ஸில் புத்தாண்டு மார்ச் 25. 1398 பிப்ரவரி 10 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1399. 1749 வரை இந்த முறைதான் அங்கே. வெனிஸில் ஆண்டு மார்ச் 1-ல் தொடங்கியது, குடியரசு விழுந்த 1797 வரைக்கும். இதைக் கவனிக்காமல் கடிதங்களை வரிசைப்படுத்தினால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து நிற்கும்.

தமிழோடு தொடர்புள்ள ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். மதுரையில் 1606 முதல் பணி செய்த ரோபெர்தோ தே நொபிலியும், காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேவில் 1680-ல் பிறந்து இங்கே வீரமாமுனிவர் ஆன பெஸ்கியும் இயேசு சபையினர். சபையின் மைய ஆவணக் காப்பகம் ரோமில், வத்திக்கானுக்கு அருகில் இருக்கிறது. உள்ளூர் வழக்கங்களை ஏற்றுக்கொண்டு மதம் பரப்பிய தே நொபிலியின் முறைகளைப் பற்றிய சர்ச்சை ரோம் வரைக்கும் போய், 1623-ல் போப் 15-ம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் லத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் இருக்கும். இத்தாலியனை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சமகாலத்தில் ஆர்வம் என்றால் பலேர்மோ. இலங்கைத் தமிழர்கள் அங்கே பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். ஊரின் காவல் புனிதையான சாந்த ரொசாலியாவின் மலைக் கோவிலுக்குத் தமிழ் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் ஏறிப் போகிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஆய்வாளர் ஒருவருக்கு அங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

செலவும் உதவித்தொகையும்?

அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும். சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு நிலையான கட்டணம் வைத்திருப்பார்கள். முக்கியமானது அந்தந்த மாநிலம் தரும் படிப்புரிமை உதவித்தொகை. குடும்பத்தின் வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் கட்டண விலக்கு, உணவகச் சாப்பாடு, விடுதி அல்லது பணம் கிடைக்கும். விண்ணப்பத் தேதி பெரும்பாலும் கோடையிலேயே, நீங்கள் இத்தாலி போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும். ஊரிலிருந்து எடுத்த வருமானச் சான்றுகளை மொழிபெயர்த்து அத்தாட்சி பெற மாதக்கணக்கில் ஆகலாம். முதல் வருடம் குறிப்பிட்ட கிரெடிட்டுகளை ஆகஸ்ட் 10-க்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகைக்கே ஆபத்து. இது தவிர இத்தாலிய வெளியுறவு அமைச்சகமும் ஆண்டுதோறும் உதவித்தொகை அறிவிக்கிறது. மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

முனைவர் பட்டம், அப்புறம் வேலை?

முனைவர் படிப்பு பொதுவாக 3 வருடம். ஆய்வுத் திட்டம், நேர்காணல் என்று போட்டித் தேர்வு வைத்து எடுப்பார்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 16,000 யூரோவுக்குச் சற்று மேல், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பைப் பிடிப்பதற்கு முன். விண்ணப்பிப்பதற்கு முன் அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவரிடமாவது உங்கள் திட்டத்தைப் பேசியிருங்கள்.

வேலையைப் பொறுத்தவரை நேராகச் சொல்கிறேன். இத்தாலியில் பல்கலைக்கழகப் பணியிடங்கள் குறைவு, முனைவர் முடித்த இத்தாலியர்களே வெளிநாடு போகிறார்கள். மொழிபெயர்ப்பு, மொழி ஆசிரியர் பணி, பதிப்புத் துறை, அருங்காட்சியகம், இத்தாலிய நிறுவனங்களின் தகவல் தொடர்பு ஆகியவற்றில் இந்தப் படிப்பு உதவும். வீட்டுக் கடனை அடைக்கும் ஒரே வழி இதுதான் என்ற நிலையில் இருப்பவர், உதவித்தொகை உறுதியான பிறகே கிளம்புங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்? போனதும் முதலில் என்ன?

வகுப்புகள் செப்டம்பர்-அக்டோபரில் தொடங்கும். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே மொழி படிக்கத் தொடங்கிவிடுங்கள். முந்தைய குளிர்காலத்தில் பல்கலைக்கழக அறிவிப்புகள் வரும். வசந்தகாலம் முதல் இத்தாலிய அரசின் யூனிவர்சிடாலி தளத்தில் முன்பதிவு, பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று, அதன் பின் விசா.

இறங்கியதும் 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே இல்லாமல் வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கணக்கோ கிடைப்பது கடினம், அதைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். இது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்கி அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய் வாசகராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் போதும், கட்டணம் கிடையாது. உள்ளே பேனா அனுமதியில்லை, பென்சில் எடுத்துப் போங்கள்.